புறம்போக்கில் ஓர் எல்க்

தமிழ் நாளிதழ்களில் வேட்டை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வாக்கு வேட்டை, வசூல் வேட்டை, பதக்க வேட்டை, போலீசாரின் தேடுதல் வேட்டை. எதிலும் விலங்கு கிடையாது. விலங்கு இருக்கும் வேட்டை நம் இலக்கிய நினைவில் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, குறிஞ்சித் திணை. எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு வில்லோடு வரும் தலைவனைத் தெரியும். உண்மையில் அவன் வேட்டைக்கு வந்தவன் இல்லை. தினைப்புனத்தில் நிற்கும் பெண்ணிடம் பேச ஒரு சாக்கு வேண்டும், அடிபட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டு வைப்பான். இன்னொன்று, ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும். துப்பாக்கி வைத்திருக்கும் வெள்ளைக்காரர், பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் கிராமம், ஆட்கொல்லிப் புலி. கொல்வதற்கான நியாயத்தைப் புலியே கொடுத்துவிடுவதால் எழுதுகிறவருக்குச் சிக்கல் இல்லை.

கடந்த ஒன்றரை வருடமாக நான் வாசித்துக்கொண்டிருப்பது மூன்றாவது வகை. கொலராடோ, வயோமிங், மொண்டானா மாதிரியான அமெரிக்க மேற்கு மாநிலங்களில், இலையுதிர் காலத்தில், பொது நிலத்தில் நடக்கும் எல்க் வேட்டையைப் பற்றிய எழுத்து. இங்கே வேட்டைக்காரர் ராஜாவும் இல்லை, துரையும் இல்லை. லாரி ஓட்டுபவர், பள்ளி ஆசிரியை, மருத்துவமனைத் தாதி. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மலையேறுகிறார்கள். எல்க் யாரையும் தின்னவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லாமலும் இவர்கள் போகவில்லை. அப்புறம் ஏன் கொல்கிறார்கள்? இந்தக் கேள்வியை எழுத்தாளரே தன்னிடம் கேட்டுக்கொண்டாக வேண்டிய நிலை இருப்பதால்தான் இந்த வகை எனக்குப் பிடித்துப்போனது. எல்லாரும் நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

எல்க் ஒரு மான். நம் காட்டு ரூசாவின், அதாவது தமிழ்நாட்டில் மிளா என்றும் கடமான் என்றும் சொல்லப்படுவதன், தூரத்து உறவு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தொடும். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு விலங்கு. அதை அமெரிக்கர்கள் மூஸ் என்பார்கள். இதை மட்டும் தெரிந்துகொண்டு வாசித்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் அந்த நாட்டில் எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இன்று சுமார் 10 லட்சம். இடையில் காட்டு இறைச்சி வியாபாரத்தை நிறுத்தினார்கள், உரிமமுறை வந்தது, 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி போட்டு அந்தப் பணத்தை வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிடும் சட்டம் வந்தது. வேட்டைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெருமைப்படலாம்தான். ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் இதே வரலாறு முன்னுரை மாதிரி வரும்போது கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது.

கொலராடோவில் ரைபிள் பருவம் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரைக்கும். ஒவ்வொன்றும் சில நாள்கள்தான். உடம்பில் 500 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். 2016க்குப் பிறகு பளீர் பிங்க்கும் செல்லும். மானுக்கு அந்த நிறம் நாம் பார்ப்பதுபோல் தெரியாது, துப்பாக்கி வைத்திருக்கும் இன்னொரு மனுஷனுக்குத் தெரியும். செப்டம்பரில் ஆண் எல்க்குகள் துணை தேடிக் குழலூதுவதுபோல் கத்தும். ரைபிள் பருவம் வருவதற்குள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். முதல் நாள் காலை சரிவெல்லாம் ஆரஞ்சுப் புள்ளிகள். முதல் வெடிச்சத்தம் கேட்டதும் எல்க்குகள் அடர்ந்த காட்டுக்குள், அல்லது வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் பண்ணைக்குள் போய்விடுகின்றன. ஐந்து பேரில் நான்கு பேர் வெறுங்கையோடு திரும்புவது அங்கே சாதாரணம். வெளிமாநிலத்தவர் 700 டாலருக்கு மேல் உரிமத்துக்குக் கட்டிவிட்டு, பனியில் ஒரு வாரம் நடந்துவிட்டு, இறைச்சி இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்.

ஆக, இந்த எழுத்தின் இயல்பான கதை தோல்விக் கதைதான். ஆனால் அச்சில் வருகிறவை பெரும்பாலும் ஐந்தில் அந்த ஒருவரின் கதை. சுமாரான வேட்டைக் கட்டுரையை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆறு நாள் எதுவும் கிடைக்காது, ஏழாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கிடைக்கும். கால் வலி, குளிர், மனைவி ஞாபகம் எல்லாம் அந்தக் கடைசி வெடிச்சத்தத்துக்கு முன்பணம். சினிமாவில் கிளைமாக்ஸுக்கு முன்னால் ஹீரோ அடி வாங்குவதுபோல. நல்ல எழுத்தாளர்கள் அந்த ஆறு நாள்களை முன்பணமாகச் செலவழிப்பதில்லை. காற்றைப் பற்றி எழுதுகிறார்கள். மலையில் காலைக் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் திசை மாறி மேலே ஏறும். காலையில் எல்க்குக்குக் கீழே நிற்க வேண்டும், வெயில் வந்ததும் மேலே போய்விட வேண்டும். இல்லையென்றால் உங்கள் வாசனையே உங்களைக் காட்டிக்கொடுக்கும். நான் இயந்திரவியல் படித்தவன். வெப்பச்சலனத்தை மூன்று செமஸ்டர் கணக்குப் போட்டிருக்கிறேன். அதைப் பயத்தோடு முகர்ந்து பார்க்கும் ஒரு விலங்கு இருக்கிறது என்பது இந்தப் புத்தகங்களில்தான் தெரிந்தது.

இந்தக் கிடைக்காமைக்கு ஒரு தத்துவம் கட்டியவர் ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத். 1942இல் ஒரு பிரபுவின் வேட்டை நூலுக்கு முன்னுரை எழுதப் போய், அது தனி நூலாகவே பேசப்படும் அளவுக்கு எழுதிவிட்டார். விலங்கு அரிதாக இருப்பது வேட்டைக்கு இடைஞ்சல் இல்லை, அதுதான் வேட்டையின் சாரம் என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொல்கிறார். வேட்டைக்காரனுக்கு வேண்டியது சாவு அல்ல. ஆனால் சாவு இல்லாவிட்டால் வேட்டை நடந்ததாகவே ஆகாது. அமெரிக்க வேட்டை எழுத்தாளர்கள் இந்த இரண்டாவது கருத்தை மந்திரம்போல ஓதுகிறார்கள். எனக்கு அது முழுதாக இறங்கவில்லை. கொலையை ஒரு வாக்கிய அமைப்புக்குள் ஒளித்துவைக்கிற சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஒர்தேகாவுக்கு விலங்கு ஒரு கருத்து. சுட்ட பிறகு யார் குடலெடுத்தார்கள், யார் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்பது அவர் கவலை இல்லை. பிரபுக்களின் வேட்டையில் அதற்கு ஆள் இருப்பார்கள்.

பொது நில எல்க் வேட்டையில் ஆள் கிடையாது. அதனால்தான் அந்த எழுத்து ஒர்தேகாவைத் தாண்டிப் போக முடிகிறது. 300 கிலோ விலங்கு, ரோட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, இருட்டப்போகிறது. தோல் அவ்வளவு தடிமன், பனியில் கிடந்தாலும் உள்சூடு அடங்காது. எலும்பை ஒட்டிய இறைச்சி முதலில் கெட்டுப்போகும். உடனே தோலுரித்து, நான்கு சப்பைகளையும் பிரித்து, முதுகுத்தண்டை ஒட்டிய கறியை எடுத்து, துணிப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிட வேண்டும். எலும்பு நீக்கினால் ஏறக்குறைய 100 கிலோ இறைச்சி. முதுகில் ஒரு நடைக்கு 25, 30 கிலோ. நான்கு நடை. வயோமிங், மொண்டானா என்றால் இரண்டாம் நடைக்குத் திரும்பும்போது கரடி உட்கார்ந்திருக்கலாம். கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் குற்றம். ஆக, துப்பாக்கி வெடிப்பது இந்தக் கதையில் ஒரு நொடி, சுமப்பது ஒன்றரை நாள். இந்த விகிதத்தை எந்த எழுத்தாளர் மதிக்கிறாரோ அவரை நான் நம்புகிறேன்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றி. அமெரிக்க வனவிலங்குத் துறைகளின் அறிக்கைகளிலும், அதைப் பார்த்து வேட்டைக்காரர்களின் பேச்சிலும், எல்க்கைக் கொன்றோம் என்று வராது. அறுவடை செய்தோம் என்றுதான் வரும். ஆங்கிலத்தில் வாசிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: 'நேற்று மாலை ஓர் ஆண் எல்க்கை அறுவடை செய்தேன்.' சிரிப்பு வந்துவிடும். நெல்லைத்தான் அறுவடை செய்வோம். ஆட்டை அறுப்போம், கோழியை அறுப்போம். அறு என்ற வினையில் கத்தி அப்படியே இருக்கிறது, பின்னால் 'வடை' சேர்த்தால் கத்தி மறைந்துவிடுகிறது. ஒரு படைப்பைத் தமிழ்க் காதால் வாசிப்பதில் இந்த லாபம் இருக்கிறது. மூலமொழிக்காரர்கள் பழகிப்போன மழுப்பல் நமக்கு உறுத்தும். நல்ல எழுத்தாளர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. அந்த மொழி தங்களுக்கு வேண்டாம் என்று அங்கேயே பலர் எழுதியிருக்கிறார்கள்.

டெட் கெராசோட் 1993இல் வெளியிட்ட 'பிளட்டைஸ்' அப்படி மழுப்பாத புத்தகங்களில் ஒன்று. மூன்று பகுதி. முதலில் கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர்களோடு போகிறார். அவர்களுக்கு அது சோறு. அடுத்து சைபீரியாவுக்கு, கொம்புக்காக லட்சக்கணக்கில் செலவழிக்கும் பணக்காரர்களோடு. மூன்றாவது பகுதி வயோமிங்கில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில், தன் எல்க். இரண்டாம் பகுதியில் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. கூடவே கூடாரத்தில் தங்கி, அந்தப் பணக்காரர்களும் மலையேற மூச்சு வாங்குவதைப் பொறுமையாகப் பார்க்கிறார். அந்தப் பொறுமைதான் மூன்றாம் பகுதியில் தன்னைப் பார்க்கும்போது அவருக்குக் கைகொடுக்கிறது.

அதில் ஒரு கணக்கு வருகிறது. கெராசோட் கொஞ்சகாலம் சைவமாக இருந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் சுட்ட எல்க்கின் இறைச்சிக்கும், அதே அளவு சத்துக்காக வயலில் விளைவித்து லாரியில் கொண்டுவரும் உணவுக்கும் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று ஒப்பிடுகிறார். எல்க்குக்குத்தான் குறைவு. பயிர் விளைவிக்கும் வயல்களிலும் எலி, முயல், பறவை எல்லாம் சாகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். என் வேலையே இந்த மாதிரிக் கணக்குகள் என்பதால் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். கணக்கில் தவறு இல்லை, கணக்கின் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம். காட்டுக்குப் பக்கத்தில் வீடு இருக்கும் ஒரு மனிதருக்கு அது சரி. அந்த நாட்டில் 30 கோடிக்கு மேல் ஜனம், 10 லட்சம் எல்க். ஆளுக்கு ஓரிரு வேளைக்கு மேல் தேறாது. பொதுவான நியாயமாக அந்தக் கணக்கு நிற்காது. ஆனால் தப்பித்துக்கொள்ள அவர் அதைப் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாம் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் கோழித் தொடை எடுக்கும்போது எந்தக் கணக்கும் போடுவதில்லை. அவர் புத்தகத்தைத் திறந்து வைத்து, வரவு செலவு இரண்டையும் எழுதிக் காட்டுகிறார். இருந்தாலும் அந்தப் பக்கங்கள் புத்தகத்தின் பலவீனமான பக்கங்கள்தான். யாரோ எதிரே உட்கார்ந்து குற்றம்சாட்டுவதுபோல் எழுதுகிறார். எல்க்கின் முன்னால் தனியாக நிற்கும் பக்கங்களில் அந்த யாரோ இல்லை, மொழியும் தளர்ந்து இயல்பாகிறது.

ஸ்டீவன் ரினெல்லா இதற்கு நேர்மாறு. அவருக்குக் குற்றவுணர்வு ரொம்பத் தூரம். மிச்சிகனில் தண்ணீர் எலிக்குப் பொறி வைத்து வளர்ந்த பையன். 2012இல் வந்த அவருடைய 'மீட் ஈட்டர்' ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இறைச்சிச் சுவைக் குறிப்பு தருகிறது. இது வாசகனைக் கவர்வதற்கான தந்திரம் என்று முதலில் தோன்றும். போகப்போக அதன் வேலை புரிகிறது. கதையில் எவ்வளவு வீரம் வந்தாலும் கடைசியில் அது சட்டியில் வந்து முடிகிறது, சில நேரம் மோசமான ருசியோடு. அதற்கு முன்னால் எழுதிய 'அமெரிக்கன் பஃபலோ'வில் (2008) அலாஸ்காவில் குலுக்கலில் கிடைத்த 24 அனுமதிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு காட்டெருமை தேடிப் போகிறார். அந்த 24 பேரில் நான்கு பேருக்குத்தான் கிடைக்கிறது. ஒரு விலங்கு, அதைச் சுற்றி ஒரு கண்டத்தின் வரலாறு. அவருடைய சிறந்த புத்தகம் அதுதான்.

ஆனால் ரினெல்லா இன்று புத்தகத்தைவிட அதிகமாகக் காணொளியில் இருக்கிறார். தொலைக்காட்சித் தொடர், பிறகு நெட்பிளிக்ஸ், பாட்காஸ்ட். அவருக்குப் பின்னால் நெற்றியில் கேமரா கட்டிய ஆயிரம் பேர். இங்கே எனக்கு ஆல்டோ லியோபோல்ட் ஞாபகம் வருகிறார். 1949இல், அவர் இறந்த மறுவருடம் வெளிவந்த 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' தொகுப்பில் ஓநாயின் கண்ணில் அணைந்த பச்சை ஒளியைப் பற்றிய கட்டுரையைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தொகுப்பில் அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு கருத்து உண்டு. வேட்டைக்காரனுக்குக் கைதட்டப் பார்வையாளர் கூட்டம் இல்லை. காட்டில் அவன் நடத்தைக்கு அவன் மனசாட்சியே நடுவர். அதனால்தான் அந்த ஒழுக்கத்துக்கு மதிப்பு. கூடவே, கடையில் விற்கும் சாதனங்களை மேல்மேலே மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களை நக்கலும் செய்கிறார். அது 40களில். இன்றைக்குத் தூரம் அளக்கும் லேசரும், யார் நிலம் எங்கே முடிகிறது என்று காட்டும் கைப்பேசிச் செயலியும், மேலே கேமராவும். பார்வையாளர் கூட்டம் வந்துவிட்டது, அதுவும் சப்ஸ்கிரைப் செய்துகொண்டு. கேமரா வந்தால் பொய் வந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கேமராவுக்கு ஆறு நாள் சும்மா உட்கார்ந்திருப்பதைக் காட்டத் தெரியாது, வெட்டிவிடும். சுமப்பதையும் பத்து நொடியில் இசை போட்டு ஓட்டிவிடும். மறுபடி அந்த விகிதம் கெட்டுப்போகிறது.

இவ்வளவையும் வாசித்த பிறகு ரிக் பாஸ் எழுதிய 'ஹெர் ஃபர்ஸ்ட் எல்க்' சிறுகதையிடம் வந்தேன். 2006இல் வெளியான 'த லைவ்ஸ் ஆஃப் ராக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. பாஸ் மொண்டானாவின் யாக் பள்ளத்தாக்கில் வாழ்ந்து, தானே எல்க் வேட்டைக்குப் போகிறவர். கதை ரொம்பச் சின்னது. கல்லூரி முடித்த ஓர் இளம்பெண், அப்பா இறந்து மூன்று வருடம். பருவத்தின் முதல் நாள் காலை தனியாகப் போய் ஓர் எல்க்கைச் சுடுகிறாள். சுட்டுவிட்டாள், அடுத்து என்ன செய்வதென்று முழுசாகத் தெரியாது. இரண்டு வயதான சகோதரர்கள் வருகிறார்கள். எப்படிச் சுத்தம் செய்வது, எப்படித் தோலுரிப்பது, எப்படி அறுப்பது என்று அவளோடு சேர்ந்து செய்கிறார்கள். பல வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்ப்பதாகக் கதை சொல்லப்படுகிறது.

கதையின் இதயம் அந்த அறுக்கிற வேலைதான். வேட்டையைப் புகழவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. ஏன் கொன்றாய் என்ற கேள்விக்குக் கட்டுரையாளர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார்கள். பாஸ் அந்தக் கேள்வியை அவள் கையில் கத்தியாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்பா வயதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். துக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பெரிய உடம்பு ஒன்று மெல்ல மெல்லப் பல துண்டுகளாகிறது, அவ்வளவுதான். வாசித்து முடித்தபோது அது எல்க்கைப் பற்றிய கதையா அப்பாவைப் பற்றிய கதையா என்று பிரிக்க முடியவில்லை.

எனக்கு அது இவ்வளவு சட்டென்று பிடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் சித்தப்பாவிடம் காட்டுப்பன்றி கதை கேட்டிருக்கிறேன். யார் அடித்தார், எப்படி அடித்தார் என்பதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அதற்கப்புறம் கூறு போட்டதை அரைமணி நேரம் சொல்வார். எந்த லயனுக்கு எத்தனை கூறு, யாருக்கு நெஞ்செலும்பு, சண்டையில் பேச்சு நின்றுபோன வீட்டுக்கும் ஒரு கூறு எப்படிப் போய்ச் சேர்ந்தது. "அடிச்சவனுக்கு ஒரு கூறு கூட கிடைக்கும், அவ்வளவுதாண்டா" என்பார். வேட்டையின் கதை கூறு போடுவதில் இருக்கிறது என்பது அவருக்கு ஒர்தேகாவை வாசிக்காமலேயே தெரிந்திருந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். இந்த எழுத்தாளர்கள் எல்லாருக்கும் பொது நிலம் புனிதம். மத்திய வனத்துறையின் கையில் 19 கோடி ஏக்கருக்கு மேல், நில மேலாண்மைத் துறையின் கையில் 24 கோடி ஏக்கருக்கு மேல். யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போடலாம், உரிமம் இருந்தால் சுடலாம். 'பொது நில உரிமையாளர்' என்று எழுதிய டீ-சட்டைகூட விற்கிறார்கள். தமிழில் இதற்கு நிலத்துறைச் சொல் ஒன்று இருக்கிறது: புறம்போக்கு. வரிக்கணக்குக்கு வெளியே போன நிலம், மாடு மேய்ந்த நிலம், ஊருக்குப் பொது. அந்தச் சொல் பிறகு வசைச்சொல்லாகிவிட்டது. மலேசியாவில் தோட்டங்களிலிருந்து வெளியேறி நகர ஓரங்களில் குடிசை போட்ட நம் ஆள்களைப் பத்திரிகைகள் புறம்போக்குவாசிகள் என்றுதான் எழுதின. அமெரிக்கப் பொது நிலமும், குறிப்பாக நில மேலாண்மைத் துறையின் வறண்ட நிலம், ஒரு காலத்தில் யாரும் குடியேற விரும்பாமல் மிச்சம் விழுந்ததுதான். அங்கே மிச்சம் பெருமையானது, இங்கே வசை ஆனது. யார் கையில் அந்த மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்துச் சொல்லின் தலையெழுத்து மாறுகிறது.

அந்தப் புனிதத்துக்கு ஒரு வேடிக்கையான சோதனை 2021இல் வந்தது. வயோமிங்கில் 'எல்க் மலை' என்றே ஓர் இடம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட நிறுவனத்துக்கு அரசு ஒரு மைல் சதுரமாக, ஒன்று விட்டு ஒன்று, நிலம் கொடுத்தது. இன்று வரைபடத்தில் அது சதுரங்கப் பலகை. கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது. வெள்ளையிலிருந்து வெள்ளைக்குப் போக மூலையைத்தான் தாண்ட வேண்டும். மூலை என்பது புள்ளி. புள்ளிக்கு அகலம் கிடையாது, மனுஷனுக்கு உண்டு. மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஓர் இரும்பு ஏணியைச் செய்து கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கால் தனியார் மண்ணைத் தொடாது. பண்ணை உரிமையாளர், தன் நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றுவெளியும் தனக்குச் சொந்தம், அதில் அவர்கள் உடம்பு பட்டது என்று வழக்குப் போட்டு மில்லியன் கணக்கில் இழப்பீடு கேட்டார். 2022இல் குற்ற வழக்கில் ஜூரி அவர்களை விடுவித்தது. உரிமையியல் வழக்கில் 2023இல் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. துணையாக நின்றது பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக்கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டம். ஏணி செய்த அந்த நான்கு பேர் எனக்கு ஏதோ எங்கள் துறைக்காரர்கள் மாதிரியே தெரிகிறார்கள். ஒர்தேகாவின் பிரபு அந்த ஏணியில் ஏறியிருக்க மாட்டார்.

இது வரைக்கும் கதை இனிப்பாகத்தான் இருக்கிறது, சாமானியன் பணக்காரனை ஜெயித்தான் என்று. இதே வயோமிங்கில் இன்னொரு எல்க் வழக்கும் உண்டு. இந்த எழுத்து வகையின் பெரிய ஓட்டை அங்கேதான் தெரிகிறது. 2014இல் மொண்டானாவில் உள்ள குரோ பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து சிலர் ஓர் எல்க் கூட்டத்தைத் தொடர்ந்து போகிறார்கள். கூட்டம் எல்லையைத் தாண்டி பிக்ஹார்ன் தேசிய வனத்துக்குள் நுழைகிறது. அதுவும் பொது நிலம். அவர்களும் நுழைந்து சில ஆண் எல்க்குகளைச் சுட்டு, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பருவம் இல்லாத நேரத்தில் வேட்டையாடியதாக வழக்கு. 1868 ஒப்பந்தத்தில் குரோ மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, யாரும் குடியேறாத நிலங்களில் வேட்டையாடும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வயோமிங் மாநிலமானதும் அந்த உரிமை காலாவதியாகிவிட்டது என்றது மாநில அரசு. 'ஹெரேரா எதிர் வயோமிங்' வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாநிலமானதால் அந்த உரிமை போய்விடவில்லை என்றது.

ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறு. நான் மேலே சொன்ன நூல்களில் பொது நிலம் என்ற சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும் அந்தப் 'பொது' யார் என்ற கேள்வி மலையடிவாரத்திலேயே இறக்கிவிடப்படுகிறது. பழங்குடிகள் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கெராசோட் கிரீன்லாந்து வரை போய் ஒரு பழங்குடி வேட்டையை மரியாதையோடு எழுதுகிறார். ரினெல்லா ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்திய காட்டெருமை வேட்டையை ஆசையோடு விவரிக்கிறார். தூரத்தில் இருக்கும்போதும் பழங்காலத்தில் இருக்கும்போதும் அவர்கள் குருமார்கள். பக்கத்துச் சரிவில், இதே எல்க்கைத் தேடி, வேறொரு காகிதத்தில் உரிமை வைத்துக்கொண்டு நடக்கும் ஆளாக அவர்கள் வருவதில்லை. தானே நிலத்தின் உரிமையாளர் என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொள்ளும் ஒரு கதைசொல்லிக்கு அந்த ஆளை எதிரே சந்திப்பது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தை எழுதியிருந்தால் இந்த வகை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும். ஓராங் அஸ்லி மக்களின் காட்டைப் பற்றி எழுத உட்காரும் நம் எழுத்தாளர்களுக்கும் இந்த இடம் பழக்கமானதாகத்தான் இருக்கும்.

யாராவது எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் பாஸ் கதையைத்தான் முதலில் கொடுப்பேன். பிறகு 'பிளட்டைஸ்' மூன்றாம் பகுதி. ஒர்தேகாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அவரோடு சண்டை போட அதற்குள் கையில் ஏதாவது சேர்ந்திருக்கும். கூடவே அந்த 2019 தீர்ப்பையும் வாசிக்கச் சொல்வேன். உண்மையைச் சொன்னால், அதன் தொடக்கப் பகுதி இறுக்கமான ஒரு வேட்டைக் கதை. எல்க் கூட்டம் எல்லை தாண்டுகிறது, பின்னாலேயே மனிதர்கள், சுடுகிறார்கள், இறைச்சியோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சில வாக்கியங்களில் முடிந்து, சட்டம் தொடங்கிவிடுகிறது. பனிக்கால மலை, பல எல்க்குகள், ஒவ்வொன்றும் நூறு கிலோ கறி. யார் எத்தனை நடை சுமந்தார்கள், வீட்டு வாசலில் யார் காத்திருந்தார்கள், எத்தனை கூறு போட்டார்கள் என்பது தீர்ப்பில் இல்லை. நீதிமன்றத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது.